எலி சொன்ன சாட்சி: 1977 சாக்கரின் விவகாரம்

எங்கள் தெருமுனை டீக்கடையில் ‘வித்தவுட்’ கேட்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, வந்த டீயை அப்படியே குடித்துவிட்டுப் போகும். இன்னொரு வகை, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுக்கும். கட்டைவிரலால் மேலே ஓர் அமுக்கு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை இனிப்பு மாத்திரை ஒன்று கிளாசுக்குள் விழும். உடனே பக்கத்தில் நிற்கிற யாராவது ஆரம்பிப்பார்: “அண்ணே, அதெல்லாம் போடாதீங்க. கேன்சர் வரும்.”

சொல்கிறவருக்கு அதை எங்கே கேட்டோம் என்று ஞாபகம் இருக்காது. மாத்திரையில் இருப்பது எந்தச் செயற்கை இனிப்பு, சுக்ரலோசா, அஸ்பார்டேமா, சாக்கரினா என்றும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் இந்தப் பயம் ஊர் உலகமெல்லாம் பரவியதற்கு ஒரு தேதி உண்டு. 1977 மார்ச் 9. அன்றைக்குத்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (இனி எஃப்.டி.ஏ.) சாக்கரினைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. அந்தத் தடை கடைசிவரை வரவே இல்லை. அதற்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வாசகம் வந்தது, இருபது வருடத்துக்கு மேல் டப்பாக்களில் ஒட்டிக்கொண்டிருந்தது, 2000 டிசம்பரில் சத்தமில்லாமல் போனது. வந்தபோது தலைப்புச் செய்தி, போனபோது உள்பக்கச் செய்தி. டீக்கடைவரை வந்து சேர்ந்தது முதல் செய்தி மட்டும்.

இந்த வழக்கை ஆதியிலிருந்து படித்தபோது எனக்குத் தோன்றியது இது. சாக்கரினைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மிக நல்ல பதில் கிடைத்திருக்கிறது. கூடவே கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்விதான் நாற்பது வருடத்துக்குக் கிட்ட வாசலிலேயே நின்றது.

கை கழுவாத கெமிஸ்ட்

1879-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சன் என்ற பேராசிரியரின் ஆய்வகம். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை வைத்து அங்கே வேலை செய்தவர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். ஒருநாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவருக்கு ரொட்டி தித்தித்தது. வாயைக் கொப்பளித்து நாப்கினால் துடைத்தால் நாப்கின் அதைவிட இனித்தது. கட்டைவிரலை நக்கிப் பார்த்திருக்கிறார். இனிப்பு கையில் இருந்தது. உடனே ஆய்வகத்துக்கு ஓடிப்போய், மேசையில் இருந்த ஒவ்வொரு கண்ணாடிப் பாத்திரத்திலும் இருந்ததை ருசிபார்த்து, எதிலிருந்து அந்த இனிப்பு வந்தது என்று கண்டுபிடித்தாராம். அதில் விஷம் எதுவும் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம். இன்றைக்கு எந்த ஆய்வகத்தில் இப்படிச் செய்தாலும் வேலை போய்விடும்.

சர்க்கரையைவிட 300 மடங்குக்கு மேல் இனிக்கும் பொருள் அது. கண்டுபிடிப்பை இரண்டு பேரும் சேர்ந்துதான் வெளியிட்டார்கள். காப்புரிமையை மட்டும் ஃபால்பெர்க் தனியாக எடுத்துக்கொண்டு ஜெர்மனியில் தொழிற்சாலை போட்டார். ரெம்சனுக்கு அந்த வருத்தம் தீரவே இல்லை.

அடுத்த காட்சி வெள்ளை மாளிகையில். அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி, உணவுக் கலப்படத்துக்கு எதிராகப் போராடியவர். 1906-ம் வருடத்து தூய உணவுச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தில், ஜேம்ஸ் ஷெர்மன் என்ற அரசியல்வாதி, தன் கம்பெனி டின் சோளத்தில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் போட்டு 4,000 டாலர் மிச்சம் பிடித்ததாகச் சொன்னார். வைலியால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சோளத்தைத் தின்ற ஒவ்வொருவரும் ஏமாற்றப்பட்டிருக்கிறார், சர்க்கரை என்று நினைத்து உடம்புக்கு ஆகாத தார்ப் பொருளைத் தின்றிருக்கிறார் என்று குறுக்கே பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். அவருக்கு டாக்டர் தினமும் சாக்கரின் எழுதிக் கொடுத்திருந்தார். சாக்கரின் கெடுதல் என்று சொல்கிறவன் முட்டாள் என்று ஜனாதிபதி சீறியதாக வைலியே பின்னால் எழுதிவைத்திருக்கிறார். பிறகு ரூஸ்வெல்ட் அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைவராக வந்தவர், சாட்சாத் அந்த ரெம்சன்! தினமும் 0.3 கிராம்வரை சாக்கரின் எடுத்தால் கெடுதல் இல்லை என்று குழு சொன்னது.

இரண்டு உலகப் போர்களிலும் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு, சாக்கரின் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1957-ல் புரூக்ளினில் ‘ஸ்வீட் அண்ட் லோ’ இளஞ்சிவப்புப் பொட்டலம், 1963-ல் கோகோ கோலா கம்பெனியின் ‘டாப்’ என்ற டயட் பானம். முன்பு சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்துக்கடையில் விற்ற சரக்கு, இப்போது இடுப்பு அளவு குறையவேண்டும் என்கிறவர்களுக்கு மளிகைக்கடையில் கிடைத்தது.

அளவு கேட்காத சட்டம்

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு சட்டப்பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1958-ல் அமெரிக்காவில் உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சட்டத் திருத்தம் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் ஜேம்ஸ் டெலானி அதில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார். மனிதனுக்கோ விலங்குக்கோ புற்றுநோயை உண்டாக்குவதாகத் தெரிந்த எந்தச் சேர்க்கைப் பொருளையும் பாதுகாப்பானதாகக் கருதக்கூடாது. அவ்வளவுதான். எவ்வளவு கொடுத்தால், எந்த விலங்குக்கு, எந்த வழியில் என்ற கேள்விக்கெல்லாம் அதில் இடம் இல்லை.

முதல் அடி சைக்லமேட் என்ற இன்னொரு செயற்கை இனிப்புக்கு. அதையும் சாக்கரினையும் பத்துக்கு ஒன்று என்று கலந்துதான் அன்றைய டயட் பானங்களில் போடுவார்கள். சாக்கரினின் கசப்பைச் சைக்லமேட் மறைக்கும். (சாக்கரின் மட்டும் போட்டுக் குடித்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் நாக்கின் ஓரத்தில் தகரத்தை நக்கியது மாதிரி ஒன்று நிற்கும்.) இந்தக் கலவையைத் தின்ற எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததும், 1969 அக்டோபரில் சைக்லமேட்டை விலக்குவதாக அரசு அறிவித்தது. கலவையில் இருந்த மற்றொன்று மட்டும் எப்படி நிரபராதி என்ற சந்தேகம் இயல்பாக வந்தது. 1972-ல் எஃப்.டி.ஏ. சாக்கரினைப் பாதுகாப்பான பொருள்களின் பட்டியலிலிருந்து எடுத்து, தற்காலிக அனுமதியில் வைத்தது.

அதற்குள் சில ஆய்வுகளில் எலிகளுக்குக் கட்டி தெரிந்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல். ரெம்சன், ஃபால்பெர்க் காலத்து முறையில் தயாரிக்கும் சாக்கரினில் ஆர்த்தோ டொலுயீன் சல்ஃபோனமைடு என்ற அழுக்கு கொஞ்சம் தங்கும். கட்டியை உண்டாக்கியது சாக்கரினா, அந்த அழுக்கா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதைப் பிரித்துக் காட்டியதுதான் கனடா அரசின் ஆய்வு. அழுக்கு நீக்கிய சாக்கரின் ஒரு கூட்டத்துக்கு, வெறும் அழுக்கு இன்னொரு கூட்டத்துக்கு. இரண்டு தலைமுறை எலிகள். தாய் எலி சாக்கரின் கலந்த தீனியைத் தின்று குட்டி போடும், குட்டி பால் மறந்த நாளிலிருந்து அதே தீனியைத் தின்று கிழடாகும். அழுக்கைத் தின்றவை நன்றாக இருந்தன. சாக்கரினைத் தின்ற கூட்டத்தில், முக்கியமாக ஆண் எலிகளுக்கு, அதிலும் இரண்டாவது தலைமுறையில் கூடுதலாக, சிறுநீர்ப்பைக் கட்டி வந்திருந்தது. டெலானி விதி இருக்கும்போது எஃப்.டி.ஏ.வுக்கு வேறு வழி ஏது?

ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு?

அந்த எலிகளின் தீனியில் 5 சதவீதம் சாக்கரின். கேட்க ஏதோ கொஞ்சம்போலத் தெரியும். கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ தீனிக்கு 50 கிராம். 300 மடங்கு என்றே வைத்தாலும், ஒரு கிலோ சாப்பாட்டில் 15 கிலோ சர்க்கரையின் இனிப்பு. மனிதக் கணக்கில் சொன்னால், தினமும் 800 கேன் டயட் சோடா என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்கா சிரித்தது. ‘சாக்கரின் உங்கள் எலியின் உடல்நலத்துக்குக் கேடு என்று கனடாக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்’ என்று லேபிள் ஒட்டலாமே என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினரே கிண்டலடித்தார்.

இந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. 800 கேன் என்று கேலி செய்தவர்களுக்கு எலிச் சோதனை ஏன் அப்படி நடக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு பொருள் பத்தாயிரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் தரும் என்று வையுங்கள். அன்றைய அமெரிக்காவின் ஜனத்தொகை ஏறத்தாழ 22 கோடி. அப்படியானால் 22,000 பேர். சின்ன விஷயம் இல்லை. ஆனால் 100 எலிகளுக்கு அதே சின்ன அளவைக் கொடுத்துப் பார்த்தால் ஒன்றுக்குக்கூட வராது. பத்தாயிரக்கணக்கில் எலி வளர்க்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது. அதனால் எலிகளைக் குறைத்து அளவைக் கூட்டுகிறார்கள். முறை தவறில்லை. அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: பெரிய அளவில் நடப்பதுதான் சின்ன அளவிலும் நடக்கும், என்ன, அபூர்வமாக நடக்கும். சாக்கரினில் கவிழ்ந்தது இந்த அனுமானம்தான். அது தெரிய இன்னும் பல வருடம் ஆனது.

அதற்குள் தெருவில் வேறு கதை. அறிவிப்பு வந்ததும் ஜனங்கள் கடைக்கு ஓடி, சாக்கரின் பொட்டலங்களை அள்ளி வீட்டில் பதுக்கினார்கள். கேன்சர் வரும் என்று அரசாங்கம் சொன்ன பொருளை! காரணம் உண்டு. சைக்லமேட் போய்விட்டது. அஸ்பார்டேமுக்கு 1974-ல் கொடுத்த அனுமதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, 1981-ல்தான் அது சந்தைக்கு வந்தது. ஆக 1977-ல் கலோரி இல்லாத இனிப்பு என்றால் சாக்கரின் ஒன்றுதான். சர்க்கரை நோயாளிகள் எதிர்த்தார்கள், குழந்தைக்குச் சர்க்கரை நோய் உள்ள பெற்றோர்கள் எதிர்த்தார்கள். டயட் உணவுக் கம்பெனிகளின் சங்கம் நாளிதழ்களில் பெரிய விளம்பரம் கொடுத்து நெருப்பை ஊதிவிட்டது. காங்கிரசுக்குக் கடிதங்கள் குவிந்தன.

காங்கிரஸ் நடுவழி ஒன்றைப் பிடித்தது. 1977 நவம்பர் 23 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, தடை 18 மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குப் பதில் லேபிள்: ‘இந்தப் பொருளைப் பயன்படுத்துவது உங்கள் உடல்நலத்துக்குக் கேடாகலாம். ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தீர்மானிக்கப்பட்ட சாக்கரின் இதில் உள்ளது.’ கடைகளிலும் அறிவிப்பு மாட்ட வேண்டும். 18 மாதம் முடிந்ததும் நீட்டித்தார்கள். மறுபடி நீட்டித்தார்கள். அப்புறம் நீட்டிப்பதே வழக்கமாகிவிட்டது. கனடா மட்டும் நிஜமாகவே தடை போட்டது. உணவில் சேர்க்கக் கூடாது, மருந்துக்கடையில் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தது.

சிறுநீர்ப்பைக்குள் நடந்தது

சரி, எலிக்கு ஏன் கட்டி வந்தது? இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சாக்கரின் உடம்பில் செரிக்காது. வந்த உருவத்திலேயே பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். மரபணுவைச் சேதப்படுத்தும் ரகமும் இல்லை. அப்படிப்பட்ட பொருள் எப்படிக் கட்டியை உண்டாக்கும்? நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் கோஹனும் அவருடைய சகாக்களும் இதைப் பல வருடம் துரத்தினார்கள். கண்டது: எலியின் சிறுநீர் நம்முடையதைவிடக் கெட்டியானது, புரதம் அதிகம், கால்சியமும் பாஸ்பேட்டும் அதிகம். சோடியம் சாக்கரின் பெரிய அளவில் அதில் கலக்கும்போது கால்சியம் பாஸ்பேட் திரிந்து படிவாகிவிடுகிறது. உப்புத்தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுபோல ஒரு சொரசொரப்பு. அது சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்துகிறது. சுவரின் செல்கள் சாகின்றன, புதிய செல்கள் முளைக்கின்றன, மறுபடி உறுத்தல், மறுபடி முளைப்பு. ஓயாமல் பிரியும் செல்களில் என்றாவது ஒரு தவறு நேர்ந்து கட்டியாகிறது. பிறந்ததிலிருந்து தின்ற இரண்டாவது தலைமுறைக்குக் கூடுதலாக வந்ததும் இதோடு பொருந்துகிறது. குட்டியின் சிறுநீர்ப்பையில் செல்கள் ஏற்கெனவே வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் வயது அது.

அதே எலிகளின் சிறுநீரை அமிலத்தன்மை ஆக்கிவிட்டால் படிவு இல்லை, உறுத்தலும் இல்லை. சோடியம் இல்லாத அமில வடிவ சாக்கரினைக் கொடுத்தாலும் அப்படியே. ஆனால் சோடியம் அஸ்கார்பேட்டை, அதாவது வைட்டமின் சி-யின் உப்பை, அதே பெரிய அளவில் கொடுத்தால் எலியின் சிறுநீர்ப்பையில் அதே கோளாறு வருகிறது. வைட்டமின் சி-க்கு யாரும் எச்சரிக்கை லேபிள் ஒட்டவில்லை.

சின்ன அளவில் படிவே உண்டாகாது. படிவு இல்லையென்றால் கட்டிக்கு வழியும் இல்லை. அளவைக் கூட்டியதால் கட்டி அதிகமாகத் தெரிந்தது என்பதில்லை, அளவைக் கூட்டியதால்தான் கட்டியே வந்தது. அதற்காக கனடா ஆய்வைப் பொய் என்று சொல்லக்கூடாது. எலி உண்மையான சாட்சிதான், தன் சிறுநீர்ப்பையைப் பற்றி மட்டும் சாட்சி சொன்னது. அதை நம் சிறுநீர்ப்பைக்கும் சேர்த்து எழுதிக்கொண்டவர்கள் நாம்.

மனிதர்களிடமும் தேடினார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த சுமார் 3,000 பேரையும் வராத சுமார் 5,800 பேரையும் ஒப்பிட்டு 1980-ல் முடிவை வெளியிட்டது. சாக்கரின் எடுத்தவர்களுக்கு மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை. மிக அதிகமாக எடுத்த சில பிரிவுகளில் மட்டும் லேசான உயர்வு தெரிந்தது, அந்தச் சந்தேகம் கொஞ்ச காலம் இழுத்தது. 1998-ல் குரங்கு ஆய்வு வந்தது. 20 குரங்குகளுக்கு வாரம் ஐந்து நாள், சிலவற்றுக்கு 24 வருடம்வரை சாக்கரின் கொடுத்திருக்கிறார்கள். கட்டி இல்லை. 1999-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சாக்கரினை ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2பி பிரிவிலிருந்து ‘வகைப்படுத்த முடியாது’ என்ற 3-ம் பிரிவுக்கு இறக்கியது. 2000-ல் அமெரிக்கப் புற்றுக்காரணிகள் பட்டியலிலிருந்து பெயர் போனது, ஆண்டுக் கடைசியில் லேபிளும் போனது.

இந்தியா பக்கம் ஒரு சின்னப் பார்வை. 2011-ம் வருடத்து உணவுச் சேர்க்கைப் பொருள் விதிகளில் சோடாப் பானங்களுக்கு அனுமதித்த சாக்கரின் கிலோவுக்கு 100 மில்லிகிராம். பான் மசாலாவுக்கு 8,000 மில்லிகிராம். எண்பது மடங்கு! ஆனால் பான் மசாலாவில் பயப்பட வேண்டியது சாக்கரின் இல்லை, பாக்கு. பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று, சந்தேகமே இல்லாத முதல் பிரிவில், அதே முகமை 2004-ல் வைத்தது. டீயில் மாத்திரை போடுகிறவரைத் தடுக்கிற அண்ணன் வாயில் என்ன இருக்கிறது என்று சில சமயம் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாசலில் நின்ற கேள்வி

1977-ல் சாக்கரினுக்காகச் சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஒன்றை நம்பினார்கள்: இது எடை குறைய உதவும், ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. கலோரி இல்லை, குளுக்கோஸ் இல்லை, பின்னே எப்படி ஏறும்? இந்த நம்பிக்கையை, புற்றுநோயைச் சோதித்த அதே தீவிரத்தோடு யாரும் சோதிக்கவில்லை. பாதுகாப்பு என்றாலே கேன்சர் என்று எல்லோர் பார்வையும் ஒரே பக்கம் போய்விட்டது.

2014-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. கனடா சாக்கரினை மறுபடி உணவில் அனுமதித்தது. அதே வருடம் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரன் எலினாவ், எரன் சீகல் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. சாக்கரின் குடித்த சுண்டெலிகளின் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டது. அவற்றின் குடல் பாக்டீரியாவை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு மாற்றினால் அவற்றுக்கும் கெட்டது. வழக்கமாகச் செயற்கை இனிப்பு எடுக்காத ஏழு மனிதர்களுக்கு ஒரு வாரம் சாக்கரின் கொடுத்துப் பார்த்ததில் நான்கு பேருக்கு ரத்தச் சர்க்கரை முன்பைவிட மோசமாக ஏறியது, மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. ஏழு பேரை வைத்து என்ன சொல்ல முடியும் என்று கேட்டார்கள், நியாயம்தான். 2022-ல் அதே குழு 120 பேரோடு வந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்கும் கீழே, இரண்டு வாரம், நான்கு இனிப்பூட்டிகள். சாக்கரினும் சுக்ரலோசும் ரத்தச் சர்க்கரையின் போக்கை மாற்றின, அதுவும் ஆளுக்கு ஆள் வேறுவேறு மாதிரி. அஸ்பார்டேமிலும் ஸ்டீவியாவிலும் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை.

இதை வைத்துச் சாக்கரின் சர்க்கரை நோய் தரும் என்று சொன்னால், 1977-ன் தவறை வேறு பெயரில் செய்வதாகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, சாக்கரினின் தினசரி அனுமதி அளவை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 9 ஆக உயர்த்தத்தான் செய்தது. 60 கிலோ ஆளுக்கு 540 மில்லிகிராம். ஆனாலும் எனக்கு இடிப்பது ஒன்று. குரங்குக்கு 24 வருடம் கொடுத்துக் கட்டி தேடினோம், மனிதனின் ரத்தச் சர்க்கரையைப் பார்த்த அந்த ஆய்வு இரண்டு வாரத்தில் முடிந்தது.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்டகாலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று. உறுதியான பரிந்துரையாக இல்லாமல், நிபந்தனையோடு சொன்னது. அந்தப் பரிந்துரையில் ஒரு விலக்கும் இருக்கிறது: ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. டப்பாவை அமுக்கி டீயில் மாத்திரை போடுகிறவர் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் வருகிறவர்தான்.